உழைப்பாளர் கட்சி எங்கே போயிற்று?

சித்தூர் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் சீசன் வேலைக்கு வருகிறவர்கள், வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், திருப்பதி ஹோட்டல்களில் பரிமாறுகிறவர்கள், ஆபீசுகளில் கணக்கெழுதுகிறவர்கள் என்று இந்த வட்டாரத்தில் உழைத்துப் பிழைக்கும் தமிழர்களுக்குக் குறைவில்லை. தேர்தல் வந்துவிட்டால் இவர்களைத் தேடி வராத கட்சியும் இல்லை. "உழைப்பவனுக்காக இருப்பவர்கள் நாங்கள்தான்" என்று சொல்லாத கட்சியும் இல்லை.

ஆனால் "உழைப்பாளர்" என்ற சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டு, முதல் பொதுத் தேர்தலிலேயே சென்னைச் சட்டசபையில் 19 ஸ்தானங்களையும் பார்லிமெண்டில் 4 ஸ்தானங்களையும் பிடித்த ஒரு கட்சி இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இரண்டே ஆண்டுகளில் அந்தக் கட்சி இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோயிற்று. ஏன் கரைந்தது? கரைந்ததால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவது பழங்கதை பேசுவதாகாது. நாளைக்கு நம் வாசலில் வந்து நிற்கப்போகும் கட்சியை எடை போடவும் அது உதவும்.

ஒரே ராஜ்யம், ஒரே சட்டசபை

முதலில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சித்தூர் அன்று நமக்கு "வெளி மாநிலம்" அல்ல. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாக அமைக்கப்படும் வரை, வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். கலெக்டர் கச்சேரியும் ஜில்லாக் கோர்ட்டும் இங்கேதான் இருந்தன. வேலூர்க்காரரும் ஆரணிக்காரரும் வழக்கென்றால் சித்தூருக்குத்தான் வர வேண்டும்.

வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்ற புதிய அரசியல் சட்டத்தின்படி நடந்த முதல் பொதுத் தேர்தலிலும் (1951 - 52) சித்தூர், திருப்பதி வாக்காளர்கள் சென்னைச் சட்டசபைக்குத்தான் அங்கத்தினர்களை அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தவர்கள் இன்று 90 வயதைத் தாண்டியவர்கள். அன்றைய சென்னைச் சட்டசபையில் மொத்தம் 375 ஸ்தானங்கள். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடத்தாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்த சபை அது. அந்தச் சபையில்தான் உழைப்பாளர் கட்சியின் விதி தீர்மானமாயிற்று.

சங்கம் கட்சியானது

தென்னாற்காடு, வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களில் வன்னியகுல க்ஷத்திரியர் சமூகம் எண்ணிக்கையில் மிகப் பெரியது. இவர்களில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடியானவர்கள் உண்டு. குத்தகைக்கு உழுதவர்கள் உண்டு. கூலிக்குக் களையெடுத்தவர்களும் கதிர் அறுத்தவர்களும் ஏராளம். கையில் உழைப்பு இருந்தது; பள்ளிப் படிப்பும் சர்க்கார் உத்தியோகமும் இல்லை. காங்கிரசில் அபேட்சகர் பட்டியல் போடும்போது இவர்களுக்குக் கிடைத்த இடமும் சொற்பம்.

இந்தக் குறையைத்தான் வன்னியர் சங்கம் எடுத்துப் பேசியது. 1949-ல் தென்னாற்காடு ஜில்லா போர்டுத் தேர்தலில் சங்கம் நேரடியாக இறங்கி, 52 ஸ்தானங்களில் 22-ஐ வென்றது. காங்கிரஸ் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலம் அது. சுதந்திரம் வந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்படிப்பட்ட வேளையில் ஒரு சமூகச் சங்கம் இவ்வளவு இடங்களைப் பிடித்தது பெரிய அதிர்ச்சி.

அந்த வெற்றியின் தொடர்ச்சியாக 1951-ல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி பிறந்தது. தலைவர் கடலூர் திரு. எஸ்.எஸ். ராமசாமி படையாச்சி. 1918-ல் பிறந்த அவருக்கு அப்போது வயது 33 தான். சங்கத்தின் பெயரிலேயே தேர்தலில் நின்றிருக்கலாமே, ஏன் "உழைப்பாளர்" என்று பெயர் வைத்தார்கள்? காரணம் எளிது. ஒரு சமூகத்தின் பெயரால் கேட்டால் அந்தச் சமூகத்தின் ஓட்டு மட்டும்தான் வரும். உழைப்பாளர் என்றால் ஏர் பிடிப்பவன், வண்டி ஓட்டுபவன், தறி நெய்பவன் எல்லோரையும் அழைக்கலாம். பெயர் பெரிய வாசலைத் திறந்து வைத்தது.

ஆனால் வாசல் பெரிதாக இருந்தாலும் வீடு ஒன்றாக இருக்கவில்லை. தென்னாற்காடு, சேலம் பக்கம் படையாச்சியின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கம் திரு. எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் செல்வாக்கு. இவர் தனியே காமன்வீல் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார். கொள்கையில் பெரிய வேறுபாடு இல்லை. பிளவு பிரதேசத்தையும் தலைமையையும் ஒட்டியது. தேர்தலில் உழைப்பாளர் கட்சிக்குச் சட்டசபையில் 19, காமன்வீல் கட்சிக்கு 6; பார்லிமெண்டில் முறையே 4, 3. இரண்டையும் சேர்த்தால் சட்டசபையில் 25 பேர்.

முதல் கையெழுத்து

கொள்கை மாறிய கதை தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1949-ல் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகம் அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாகக் கையெழுத்திட்டுத் தரும் அபேட்சகர்களுக்கு ஆதரவு தருவோம் என்றது. உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் அந்த ஆதரவைப் பெற்றன. கழகப் பேச்சாளர்கள் ஊர் ஊராகப் போய் இவர்களுக்காகப் பிரசாரம் செய்தார்கள்.

ஆக, அந்தத் தேர்தல் மேடையில் இந்தக் கட்சிகள் காங்கிரசுக்கு எதிரிகள். திராவிட நாடு கோரிக்கைக்கு நண்பர்கள். ஓட்டுப் போட்டவர்களும் அப்படித்தான் நினைத்துப் போட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும்.

375-ல் 152

தேர்தல் முடிவு யாருக்கும் தூக்கம் தரவில்லை. ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்திருந்தார்கள். ஆந்திர கேசரி திரு. டி. பிரகாசம் அவர்களைச் சேர்ந்த கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35. பேராசிரியர் என்.ஜி. ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சிக்கு 15. பிரகாசத்தின் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஓரணியாகி, ஆட்சி அமைக்க உரிமை கோரின.

காங்கிரசுக்கு வேண்டியது இன்னும் 36 பேர். உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் சேர்ந்து 25 பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரியாதவர்கள் அன்றைய சென்னையில் யாரும் இல்லை. நேற்று வரை ஜில்லா போர்டுக்குப் போராடிய கட்சிகளை இன்று இரு பக்கமும் தேடி வந்தன.

தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் ஸ்ரீ பிரகாசா மேல்சபைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10-ந் தேதி ராஜாஜி முதல் மந்திரியானார். அவருடைய மந்திரி சபையில் காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கருக்கு இடம் கிடைத்தது. காங்கிரசை எதிர்த்து ஓட்டு வாங்கியவர், சில மாதங்களுக்குள் காங்கிரஸ் மந்திரி சபையில் அமர்ந்தார். படையாச்சி அந்த மந்திரி சபையில் சேரவில்லை.

இந்த ராஜாஜி ஆட்சிதான் 1953-ல் புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். "குலக்கல்வித் திட்டம்" என்று எதிர்ப்பாளர்கள் பெயர் சூட்டினார்கள். தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி. உழைப்பாளியின் பிள்ளை உழைப்பாளியாகவே நிற்க வேண்டுமா, அல்லது படித்து மேலே வர வேண்டுமா என்பதுதான் அந்தத் தகராறின் உயிர். உழைப்பாளரின் பெயரால் எழுந்த இயக்கத்தின் ஒரு கிளை, அந்தக் கேள்வி வெடித்தபோது மந்திரி சபைக்குள் உட்கார்ந்திருந்தது.

ஆந்திரா பிரிந்தது, கணக்கு மாறியது

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமாயிற்று. சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. சென்னைச் சட்டசபையிலிருந்து 140 அங்கத்தினர்கள் ஆந்திரச் சட்டசபைக்குப் போனார்கள். கம்யூனிஸ்டுகளும் பிரகாசத்தின் கட்சியும் பலமாக இருந்த பகுதி இந்த ஆந்திரப் பகுதிதான். ஆகவே மிஞ்சிய சென்னை ராஜ்யத்தில் காங்கிரசின் கை ஓங்கியது. 1952-ல் 25 பேருக்கு இருந்த பேர வலு இப்போது இல்லை.

இருந்தும் 1954 ஏப்ரலில் முதல் மந்திரியான திரு. காமராஜ், இவர்களைக் கைவிடவில்லை. எட்டுப் பேர் கொண்ட தமது மந்திரி சபையில் மாணிக்கவேலு நாயக்கரையும் வைத்துக்கொண்டார். படையாச்சியையும் அழைத்து ஸ்தல ஸ்தாபன இலாகாவைக் கொடுத்தார். எண்ணிக்கைக்காக மட்டும் இதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. வட மாவட்டங்களில் காங்கிரஸ் வேரூன்ற வேண்டுமானால் அங்குள்ள பெரிய சமூகத்தின் தலைவர்கள் உள்ளே வர வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். காமராஜ் சட்டசபைக்கு வரத் தேர்ந்தெடுத்த தொகுதியும் வட ஆற்காடு மாவட்டத்துக் குடியாத்தம்தான். சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிப் பிடிக்கிற தூரம். 1954-ல் நடந்த அந்த உபதேர்தலில் அவர் வென்றார். குலக்கல்வித் திட்டத்தையும் அவர் கைவிட்டார்.

இரு தலைவர்களும் மந்திரிகளானார்கள். இரு கட்சிகளும் கலைக்கப்பட்டன. அங்கத்தினர்கள் காங்கிரசில் சேர்ந்தார்கள். உழைப்பாளர் கட்சி மூன்று வயது நிரம்பிய குழந்தையாகவே மறைந்தது.

ஆந்திரப் பக்கமும் அதே கதை

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று எண்ண வேண்டாம். நமக்கு இடம் கொடுத்திருக்கும் ஆந்திராவிலும் அதே ஆண்டுகளில் அதே நாடகம் நடந்தது.

குண்டூர் மாவட்டத்து ரங்கா, ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்து குடியானவர்களைத் திரட்டியவர். 1936-ல் லக்னோவில் அகில இந்தியக் கிசான் சபை தொடங்கப்பட்டபோது அதன் முதல் பொதுச் செயலாளர் அவர்தான். 1951-ல் காங்கிரசை விட்டு வெளியேறிக் கிருஷிகார் லோக் கட்சியைத் தொடங்கினார். "கிருஷிகார்" என்றால் உழவர். தமிழ்ப் பக்கம் உழைப்பாளர், தெலுங்குப் பக்கம் உழவர். இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்த கட்சிகள். 1955-ல் ஆந்திரத் தேர்தலில் கிருஷிகார் லோக் கட்சி காங்கிரசுடன் கூட்டுச் சேர்ந்து கம்யூனிஸ்டுகளை எதிர்த்தது. 22 இடங்களும் பெற்றது. பிறகு அதுவும் காங்கிரசில் கரைந்தது.

ஆனால் ரங்காவின் பயணம் அங்கே நிற்கவில்லை. 1959-ல் காங்கிரஸ் நாகபுரியில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டதும் மீண்டும் வெளியேறி, ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் தலைவரானார். நிலம் உழுகிறவனுக்கே சொந்தம் என்ற முழக்கம் எழுந்த கிசான் சபையிலிருந்து, நிலச் சொத்துரிமையைக் காக்கும் கட்சிக்கு வந்து சேர்ந்தார். சித்தூர் பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்த திருச்சானூர்க்காரர் திரு. அனந்தசயனம் அய்யங்கார் 1962-ல் பீகார் கவர்னராகப் போனதும் இங்கே உபதேர்தல் வந்தது. அதில் சுதந்திராக் கட்சிச் சின்னத்தில் ரங்கா வென்றார். நம் சித்தூரே ஒரு உழவர் தலைவரின் கொள்கை மாற்றத்துக்குச் சாட்சியாக நின்ற ஊர்.

கிடைத்தது என்ன? போனது என்ன?

நியாயமாகக் கணக்குப் பார்த்தால், கட்சி கரைந்ததால் எல்லாமே நஷ்டம் என்று சொல்ல முடியாது.

அதுவரை கோட்டைப் பக்கம் தலைகாட்ட முடியாத ஒரு சமூகத்துக்கு இரண்டு மந்திரிகள் கிடைத்தார்கள். மாணிக்கவேலு நாயக்கர் ரெவின்யூ இலாகாவைக் கவனித்த காலத்தில்தான் 1955-ல் குத்தகைதாரரை நிலத்தைவிட்டு வெளியேற்றாமல் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று நில உச்சவரம்பு விதித்த சட்டம் 1961-ஐச் சேர்ந்தது. அதற்கான மசோதாவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. இவை உழுகிறவனின் வீட்டு அடுப்பைத் தொட்ட விஷயங்கள். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டிருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா என்று கேட்பவர்களின் வாதத்திலும் வலு உண்டு.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குத்தகைதாரருக்குச் சட்டம் வந்தது. குத்தகைக்குக்கூட நிலம் கிடைக்காத கூலிக்காரனுக்கு? அதே வயலில், அதே வெயிலில், பக்கத்து வரிசையில் நாற்று நட்ட ஷெட்யூல்டு வகுப்புக் கூலிப் பெண்ணும் உழைப்பாளிதான். கட்சிப் பெயர் அவளையும் அழைத்தது. ஆனால் பேரம் என்று வந்தபோது முன்னே நின்றது ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவம். மந்திரி பதவி கிடைத்ததும் அந்தப் பிரதிநிதித்துவக் கோரிக்கை நிறைவேறிவிட்டது. கட்சிக்கு வேலையும் முடிந்துவிட்டது. கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், வேலையில்லாத மாதங்களில் அடுப்பு எரிவது எப்படி என்ற கேள்விகள் கேட்பாரற்று நின்றன. அவற்றைக் கேட்கத்தான் உழைப்பாளர் கட்சி என்று ஒன்று வேண்டியிருந்தது.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1923 மே 1-ந் தேதி சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய ம. சிங்காரவேலர், அன்றே தொழிலாளர் - விவசாயிகள் கட்சியை அறிவித்தார். அதில் பெயரும் பொருளும் ஒன்றாக இருந்தன. ஆனால் ஓட்டுரிமையே பெரும்பாலோருக்கு இல்லாத காலம். 1936-ல் டாக்டர் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938-ல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலை நிறுத்தமும் நடத்தினார். 1942-ல் அவரே அந்தக் கட்சிக்குப் பதிலாக ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தை அமைத்தார். தம் மக்களின் தனித் துயரத்தைத் தனிப் பெயரிலேயே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, பெயரையும் வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். நம் உழைப்பாளர் கட்சியோ இதற்கு நேர்மாறு. சமூகச் சங்கமாகப் பிறந்து, உழைப்பாளர் என்று பெயர் சூடி, பேரத்தில் மீண்டும் சமூகமாகவே நின்றது.

பிறகு நடந்தவை

படையாச்சி 1962 பொதுத் தேர்தலையொட்டிக் கட்சிக்கு மறுபடியும் உயிர் கொடுக்கப் பார்த்தார். பழைய வலு திரும்பவில்லை. 1980-லும் 1984-லும் திண்டிவனத்திலிருந்து காங்கிரஸ் அங்கத்தினராகப் பார்லிமெண்டுக்குப் போனார். அதே இரண்டு பார்லிமெண்டுகளிலும் குண்டூரின் காங்கிரஸ் அங்கத்தினராக அமர்ந்திருந்தவர் ரங்கா! 1951-ல் காங்கிரசை எதிர்த்து உழைப்பாளரையும் உழவரையும் திரட்டிய இருவர், 30 ஆண்டுகள் கழித்து ஒரே காங்கிரஸ் வரிசையில்.

கட்சி கரைந்தாலும் அதைப் பிறப்பித்த குறை கரையவில்லை. 1980-ல் டாக்டர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் 21 உயிர்கள் பலியாயின. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவிகித ஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டில் பாட்டாளி மக்கள் கட்சியும் பிறந்தது. பெயரைக் கவனியுங்கள்: "உழைப்பாளர்" போய்ப் "பாட்டாளி" வந்தது. 1992-ல் மறைந்த படையாச்சிக்கு 2019-ல் கடலூரில் தமிழக அரசு மணிமண்டபம் திறந்தது. சட்டசபையில் அவருடைய படமும் வைக்கப்பட்டது. தலைவருக்கு மண்டபம் எழுந்தது. கட்சியை நினைவுகூர்பவர்கள் குறைவு.

நமக்கு என்ன?

சித்தூர், திருப்பதித் தமிழர்களுக்கு இந்தக் கதையில் தனிப் பாடம் ஒன்று உண்டு. 1953-ல் ஒரு கோடு போடப்பட்டது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்ப் பக்கம் போனபோது அந்தக் கோடு கொஞ்சம் நகர்ந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகி, சித்தூரும் திருப்பதியும்கூடப் பிரிந்துவிட்டன. கோடு எங்கே போட்டாலும் கூலிக்காரனின் கூலி கோட்டைப் பார்த்து உயரவில்லை. இங்கே நம்மோடு மூட்டை தூக்குகிற தெலுங்குத் தோழருக்கும் அதே முதுகு, அதே வலி. தமிழன் என்றோ, இன்ன சமூகம் என்றோ மட்டும் நாம் ஒன்று சேர்ந்தால் பேரத்துக்குப் பயன்படுவோம். பேரம் முடிந்ததும் கலைக்கப்படுவோம்.

ஆகவே உழைப்பவர் பெயரைச் சொல்லி எவர் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். நீங்கள் சொல்லும் உழைப்பாளர் யார் யார்? பக்கத்து வரிசையில் நிற்பவர் அதில் உண்டா? மந்திரி பதவி கிடைத்த மறுநாளும் உங்கள் கட்சி ஆபீஸ் கதவு திறந்திருக்குமா?

1952-ல் ஓட்டுப் போட்ட நம் பாட்டனார்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கத் தோன்றவில்லை. அது அவர்கள் குற்றமல்ல. அவர்களுக்கு அதுதான் முதல் தேர்தல். நமக்கு அந்தச் சாக்குச் சொல்ல இடமில்லை.